வெள்ளையில் எத்தனை வெள்ளை

தோவாளைப் பூச்சந்தைக்கும் எங்கள் வீட்டுக்கும் பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்கூட இல்லை. விடிவதற்கு முன்பே அங்கே பிச்சியும் மல்லியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிடும். காலைக் காப்பிக்குள் நாகர்கோவில் தெருக்களுக்கு அந்த வாசனை வந்து சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு இருபத்தேழு வருஷமாகத் துணியில் பூ செய்கிறேன். "இங்க பூவுக்கு என்ன பஞ்சம்? துணியில எதுக்கு?" என்று கேட்காத ஆளில்லை. கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. முதலில் கேட்டது என் அம்மா.

தோவாளைப் பூ தலைக்கும் கழுத்துக்கும் உரியது. அங்கே மாணிக்க மாலை கட்டுகிறவர்களின் விரல்களை ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரளி இதழை மடித்து மடித்து, சிவப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த பதக்கம்போல் பரப்பிக் கட்டுவார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசாமிக்குப் போகிற மாலை அது. 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுபோல் துணியில் ஒன்று செய்து தரச் சொல்லி யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மாலைக்குத் துணி ஆகாது. தலையில் வைக்கிற பிச்சிச் சரத்துக்கும் ஆகாது. வாசனை இல்லாத பூவைக் கல்யாணப் பெண் தலையில் வைப்பதை என் மனசு ஒப்பவில்லை.

கையில் பிடிக்கிற செண்டின் பாடு வேறு. எங்கள் பக்கத்து மாதா கோயில் கல்யாணத்தில், காரிலிருந்து இறங்குகிற நேரம் தொட்டுச் செண்டு பெண்ணின் கையில் இருக்கும். பூசை ஒன்றரை மணி நேரம். பிறகு கையெழுத்து, கோயில் படியில் போட்டோ, மண்டபத்தில் வரவேற்பு, சாப்பாடு, மறுபடி போட்டோ. பெரும்பாலான கல்யாணம் தவக்காலம் முடிந்து, ஈஸ்டருக்குப் பிறகு, ஏப்ரல் மே வெயிலில்தான் வரும். ஓசூர்ப் பக்கமிருந்து ராத்திரி வண்டியில் அட்டைப் பெட்டிக்குள் வந்த வெள்ளை ரோஜா அதுவரை தாங்க வேண்டும். சிவப்பு ரோஜா கொஞ்சம் வாடினாலும் தெரியாது. வெள்ளை ரோஜாவில் விரல் அழுந்திய இடம்கூடப் பழுப்புத் தட்டிவிடும். ஈர ஸ்பாஞ்சில் குத்திய செண்டானால் கனமும் கூடும். பட்டுப் புடவையில் தண்ணீரும் சொட்டும். பதற்றத்தில் இருக்கிற பெண் அதை இறுக்கிப் பிடித்திருப்பாள். மதியம் ஒரு மணிக்கு எடுத்த போட்டோவில் பாருங்கள்: பெண் மலர்ந்திருப்பாள், கையிலிருக்கிற பூ தலை தொங்கியிருக்கும். அந்தப் போட்டோதான் ஐம்பது வருஷம் சுவரில் இருக்கப்போவது.

இது இன்றைக்கு வந்த தொல்லையும் இல்லை. 1840-ல் விக்டோரியா ராணி கல்யாணத்தன்று தலையில் ஆரஞ்சுப் பூ வளையம் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் ஆரஞ்சுப் பூ கேட்டார்கள். குளிர் நாட்டில் அந்தப் பூ நினைத்த நேரத்தில் கிடைக்குமா? கிடைத்தாலும் நிற்குமா? அதனால் மெழுகில் மொட்டும் பூவும் செய்து வளையம் கட்டுகிற வேலை அங்கே பெரிதாக வளர்ந்தது. அந்த மெழுகு வளையங்களைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். பல வீடுகளில் பேத்திகள்வரை வந்து சேர்ந்தன. நிஜப் பூவை விரும்பியவர்கள்தான் செய்த பூவையும் தேடினார்கள். என்னிடம் வருகிறவர்களும் அப்படித்தான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் இருந்த ஒரு சிஸ்டர். முதல் நாள் துணியும் கத்திரியும் தருவார் என்று போனேன். ஒரு பன்னீர் ரோஜாவைக் கையில் கொடுத்து, "இதைப் பிரி" என்றார். ஒவ்வொரு இதழாக வெளியிலிருந்து உள்ளே கழற்றி, அதே வரிசையில் நோட்டில் ஒட்டச் சொன்னார். அன்றைக்குத்தான், எல்லா இதழும் ஒரே அளவு இல்லை என்பதைக் கவனித்தேன். உள்ளே போகப் போக இதழ் குறுகும், சுருளும். நடுவில் இருப்பது கேசரத்தோடு கேசரமாகச் சிறுத்துவிடும். வெளி இதழின் ஓரம்தான் பின்னால் மடங்கும், அதுவும் வலது ஓரம் ஒரு மாதிரி, இடது ஓரம் ஒரு மாதிரி.

பிறகு பூவைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். காம்பு முடிகிற இடத்தில் பச்சையாக ஐந்து புல்லி இதழ்கள். "அஞ்சும் ஒண்ணா இருக்கா?" ஒன்றாகத்தான் தெரிந்தது. "நல்லாப் பாரு மக்களே." பார்த்தேன். இரண்டுக்கு இரண்டு ஓரத்திலும் தாடிபோல் இழை. இரண்டுக்கு ஓரம் மழமழவென்றிருந்தது. மீதி ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் தாடி. மொட்டாக மூடியிருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று எப்படி அடுக்கியிருந்ததோ, அதற்குத் தக்கபடி வெளியே தெரிந்த ஓரத்தில் மட்டும் இழை வளர்ந்திருக்கிறது; அடியில் மறைந்த ஓரத்தில் இல்லை. நாட்டு ரோஜாவிலும் பன்னீர் ரோஜாவிலும் இன்றைக்கும் நீங்கள் இதைப் பார்க்கலாம். கல்யாண வீட்டில் ஒருத்தரும் செண்டைத் திருப்பிப் பார்த்துப் புல்லி இதழை எண்ணப்போவதில்லை. ஆனாலும் நான் ஐந்தையும் அப்படித்தான் வெட்டுகிறேன். மெனக்கெட்டு அதை வெட்டிய கை, இதழை அவசரமாக ஒட்டாது.

அதனால் தோவாளைக்கு இப்போதும் மாதம் ஒரு தடவையாவது போகிறேன். வாங்கிவந்த பூவைப் பிரித்துப் போடுவதைப் பார்த்து வீட்டில் வருத்தப்படுவார்கள். லில்லியைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆறு இதழ். வெளி மூன்று ஒடுக்கம், உள் மூன்று அகலம். ஆறையும் ஒரே அச்சில் வெட்டினால் அது காற்றாடிபோல் இருக்கும். கடையில் விற்கிற லில்லிகளில் பெரும்பாலானவை எனக்கு அப்படித்தான் தெரிகின்றன.

சரி, துணிக்கு வருகிறேன். வெளி இதழ்களுக்கு ஆர்கண்டி. என் வயதுக்காரர்களுக்குப் பண்டிகைக்குத் தைத்த ஆர்கண்டி பிராக் ஞாபகம் இருக்கும்: மெல்லிய பருத்தி, ஆனால் விறைப்பு, துவைத்தாலும் அந்த விறைப்பு முழுசாகப் போகாது. வெளிச்சம் ஊடுருவுவதால் இதழின் ஓரம் நிஜம்போல் இருக்கும். உள் இதழ்களுக்கு மெல்லிய மல் துணியை ஜவ்வரிசிக் கஞ்சியில் தோய்த்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, நிழலில் காயவைப்பேன். வெயிலில் போட்டால் அப்பளம்போல் வளைந்துவிடும்.

கிரேப் காகிதத்திலும் அழகான பூ வரும். அதன் வரியோடு இதழை வெட்டி, நடுவில் இரண்டு பெருவிரலையும் வைத்து அகட்டினால் கிண்ணம்போல் குழியும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. மேடை அலங்காரத்துக்குத் தாராளமாக வைக்கலாம். பெண்ணின் கையில் கொடுக்க மாட்டேன். சாயக் காகிதம் வியர்வை பட்டால் ஊறும். பச்சைக் காகிதம் சுற்றிய காம்பு வெள்ளைப் புடவையில் பதித்த கறையை என் ஆரம்ப நாளில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அந்தச் செண்டு நான் செய்ததுதான். பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துக் கறையை மறைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இந்த வேலையில் பாதி நேரத்தை வாங்குவது வெள்ளை நிறம். "வெள்ளைப் புடவைக்கு வெள்ளைப் பூ, அதுல என்ன இருக்கு?" என்பார்கள். ஜவுளிக் கடையில் பத்து வெள்ளைத் துணியைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். ஒன்றில் நீலம் ஓடும், ஒன்றில் மஞ்சள், ஒன்று பால், ஒன்று சுண்ணாம்பு. பட்டு எப்போதும் கொஞ்சம் தந்த நிறம். பாலியஸ்டர் சாட்டினில் வெண்மைக்கென்று மருந்து சேர்த்திருப்பதால் மண்டபத்து நீல விளக்கின்கீழ் அது பளீரென்று ஒளிரும். அதன் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பட்டுப் புடவை அழுக்காகத் தெரியும். பூ புடவையைத் தோற்கடிக்கக் கூடாது. அதனால் புடவையை நேரில் பார்க்காமல் நான் வேலை தொடங்குவதில்லை. போனில் அனுப்புகிற படம் உதவாது; போனுக்குப் போன் வெள்ளை மாறும். புடவைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூல் வாங்கிக்கொள்வேன். துணியை நீர்த்த தேயிலைச் சாயத்தில் முக்கி, காயவைத்து, அந்த நூலை மேலே வைத்துப் பார்ப்பேன். நூல் துணியில் காணாமல் போனால் நிறம் சரி. பருத்தியில்தான் தேயிலை ஏறும். பாலியஸ்டர் எவ்வளவு நேரம் ஊறினாலும் அப்படியே கிடக்கும்.

அதிலும் எல்லா இதழையும் ஒரே நிறத்தில் முக்கக் கூடாது. ரோஜாவின் அடி கொஞ்சம் பசுமஞ்சள் தட்டியிருக்கும். நடு இதழ்கள் வெளி இதழைவிட ஒரு பிடி அழுத்தமாக இருக்கும். தூரிகையில் அதைத் தொட்டு வைத்தால் பூவுக்கு ஆழம் வந்துவிடும்.

வெட்டுவது கிராஸில். தையல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துணியின் நெடுக்கு நூலுக்கும் குறுக்கு நூலுக்கும் நடுவே சாய்வாக இதழை வைத்து வெட்ட வேண்டும். அப்போது ஓரத்தில் நூல் பிரியாது; துணியும் இழுத்த இழுப்புக்கு வளையும். நேராக வெட்டிய இதழ் அட்டைபோல் நிற்கும். ஒரு ரோஜாவுக்கு உள்ளே மூன்று, அடுத்து ஐந்து, வெளியே ஏழு என்று பதினைந்து இதழ். பதினொரு ரோஜா வைத்த செண்டென்றால் 165 இதழ். அச்சு வைத்து மிஷினில் வெட்டித் தருகிறார்கள். நான் இன்னும் கத்திரியில்தான் வெட்டுகிறேன். ஒன்று கொஞ்சம் கோணினால் அதை அப்படியே விட்டுவிடுவேன். செடியிலும் கோணல் இதழ் உண்டு.

இதழுக்கு வடிவம் கொடுப்பது சூட்டில். குண்டுத் தலை வைத்த பித்தளைக் கோல்கள் என்னிடம் நான்கு உண்டு, பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை. வடசேரியில் கோயில் நகை செய்கிற ஓர் ஆசாரி செய்துகொடுத்தார். நகையில் கிண்ணம் குழிக்க அவர் வைத்திருக்கும் கோலைப் பார்த்ததும் கேட்டேன். "பூவுக்கா அக்கா?" என்று சிரித்துக்கொண்டே செய்து தந்தார். கோலைச் சுடவைத்து, முதலில் ஒரு வெட்டுத் துணியில் தொட்டுப் பார்க்க வேண்டும். துணி பழுத்தால் சூடு அதிகம். மணல் மூட்டைமேல் இதழை வைத்துக் குண்டை அழுத்திச் சுழற்றினால் நடுவில் குழி விழும். பிறகு இதழைத் திருப்பிப் போட்டு, ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியில் ஓரத்தைச் சுருட்ட வேண்டும். கஞ்சி போட்ட துணி ஆறியதும் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

கம்பி விஷயத்தில் கடற்கரை எனக்குப் பாடம் சொன்னது. முட்டம், குளச்சல், மணக்குடி என்று கடலோர ஊர்களுக்குத்தான் நிறையச் செண்டு போகிறது. சாதாரண இரும்புக் கம்பியில் கட்டினால் உப்புக்காற்றில் சில மாதத்தில் துரு ஏறி, வெள்ளை இதழில் பழுப்புக் கோடாக வெளியே தெரியும். கல்யாணத்தன்று ஒன்றும் தெரியாது. முதல் வருஷ நினைவு நாளுக்கு எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். இப்போது இதழுக்கும் இலைக்கும் மோட்டார் வைண்டிங்குக்குப் பயன்படுத்துகிற பூச்சுப் போட்ட செம்புக் கம்பி. காம்புக்கு மட்டும் கனமான கம்பி, அதன்மேல் நூல் சுற்று, அதற்கும் மேல் பச்சை டேப். அந்த டேப்பில் முதலில் ஒட்டும் தன்மை தெரியாது. இழுத்துச் சுற்றும்போதுதான் அதிலிருக்கிற மெழுகு வெளிவந்து ஒன்றோடொன்று பற்றும். இழுக்காமல் சுற்றிவிட்டு "டேப் சரியில்லை" என்று வருகிறவர்கள் உண்டு.

பசையை நம்பக் கூடாது என்பதை நான் கற்றது ஒரு மே மாதத்தில். துப்பாக்கிப் பசை என்று சொல்கிறோமே, சூடாக்கிப் பிழிகிற பசைக் குச்சி, அதை வைத்து வேகவேகமாக ஒட்டி ஒரு செண்டு முடித்தேன். அழகாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டார் அதைக் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். வெயிலில் மூடிக் கிடந்த கார். சூட்டில் ஒட்டிய பசை சூட்டிலேயே இளகியது. கோயில் வாசலில் பெண் செண்டைத் தூக்கியதும் இரண்டு ரோஜாவின் வெளி இதழ்கள் கழன்று படியில் விழுந்தன. நான் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பொறுக்கி, தலையிலிருந்த ஊசியால் குத்தி நிறுத்தினேன். அன்றிலிருந்து முதலில் நூல்; ஒவ்வொரு இதழையும் காம்போடு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். பசை அதற்குமேல், துணைக்கு. ஒரு செண்டுக்கு இரண்டு நாள் கூடுதலாக ஆகிறது. ஆகட்டும்.

கட்டுகிறபோது எல்லாக் காம்பும் ஒரே பக்கம் சாய வேண்டும், விறகுக் கட்டை முறுக்கி வைத்ததுபோல. அப்போதுதான் மேலே பூக்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விரியும். நடுவில் கொஞ்சம் ஏற்றம், ஓரத்தில் இறக்கம், இடையிடையே மொட்டு. எல்லாம் முழுசாக விரிந்த பூவாக வைத்தால் அது கடைச் செண்டு. செடியில் மொட்டு உண்டு, பாதி விரிந்தது உண்டு, உதிரப்போவதும் உண்டு. அகலம் பெண்ணின் உயரத்தைப் பார்த்து. குள்ளமான பெண்ணுக்கு ஒரு சாணுக்குமேல் விரிந்தால் செண்டுதான் நடந்து வருவதுபோலிருக்கும். கைப்பிடி, அவள் இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கிற அளவு. கொடுக்கும்போது பிடிக்கவும் சொல்லித் தருவேன்: "தொப்புளுக்கு நேரே வை மக்களே. பயம் வந்தா கை தன்னால நெஞ்சுக்கு ஏறும், இறக்கிக்கோ."

கைப்பிடியைச் சுற்ற எங்கள் ஊர் லேஸ். 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனெரிப் பெண்மணி நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை. அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அங்கேயும் அதைக் கொண்டுபோனார். வீட்டுக்கு வெளியே போய்ச் சம்பாதிக்க வழியில்லாத பெண்களுக்கு அந்த நூல் காசு கொடுத்தது, கையில் காசு இருக்கிற தைரியத்தையும் கொடுத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து இதழ் வெட்டுகிற மூன்று பெண்களைப் பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்வேன். ஒருத்தி அந்த வருமானத்தில் மகனைப் பாலிடெக்னிக் படிக்கவைத்தாள்.

பிளாஸ்டிக் பூவைப் பற்றிக் கேட்பீர்கள். 1950-களில் ஹாங்காங்கில் அந்தத் தொழில் எழுந்தது. லீ கா ஷிங் என்ற பெரும் பணக்காரருக்கு முதல் செல்வம் தந்தது அதுதான். அங்கிருந்து உலகத்தின் வரவேற்பறைகளுக்கெல்லாம் போனது. இன்றைக்குக் கடையில் ஒரு கொத்து மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒரு நாள் கல்யாணத்துக்கு வளைவு வளைவாகக் கட்டி, மறுநாள் மண்டபத்துக்குப் பின்னால் குப்பையில் கொட்டுகிறார்கள். மக்காது, எரித்தால் நாறும். எனக்கு அதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. வாடாத பூவை ஒரே நாளில் எறிவதற்கு, வாடுகிற பூவை வாங்குவதே மேல். செயற்கைப் பூ வைத்தால் வைத்துக் காப்பாற்ற வேண்டும். முடியாதவர்கள் தோவாளைக்குப் போகட்டும். விவசாயிக்காவது காசு போகும்.

காப்பாற்றுவது கஷ்டமில்லை. பாலித்தீன் பையில் போட்டு மூடாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். பெட்டியில் கிராம்பு நாலைந்தும் ஒரு துண்டு வசம்பும் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். தூசியைக் காய்ந்த தூரிகையால் தட்டலாம். தண்ணீர் மட்டும் காட்டக் கூடாது.

எங்கள் கோயில்களில் பூசை முடிந்ததும் பெண் செண்டை மாதா காலடியில் வைத்து வேண்டிக்கொள்வாள். அங்கே துணிப்பூ வேண்டாம் என்று எங்கள் பங்கு ஃபாதர் சொல்வார், அது சரிதான். ஆண்டவருக்கு முன்னால் வாடுகிற பூதான் காணிக்கை. அதனால் நான் செண்டோடு ஒரு சின்னக் கட்டுப் பிச்சிப்பூவும் கொடுத்துவிடுகிறேன், அன்று காலை தோவாளையில் வாங்கியது. அது மாதாவுக்கு, துணிச்செண்டு வீட்டுக்கு. போன வருஷம் ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். ஞானஸ்நானத் தொப்பியில் வைக்க அவளுடைய கல்யாணச் செண்டிலிருந்து ஒரு மொட்டைப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டாள். பெட்டியைத் திறந்தோம். கிராம்பு வாசனை. ஒன்பது வருஷம் ஆன செண்டில் ஒரு இதழ்கூடக் கழன்றிருக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் வாருங்கள். படம் வேண்டாம், புடவையைக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் குஞ்சத்திலிருந்து ஒரு நூல் போதும்.